அது ஒடைஞ்ச சத்தமுங்க: செம்மேடு செல்லாயி அக்காவுக்கு அஞ்சலி

செய்தி வந்தபோது நான் புறநோயாளிகள் பிரிவில் ஒரு பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாவுக்கட்டு பாதி சுற்றியிருந்தது. மேசைமேல் கைப்பேசி இரண்டு முறை அடித்து நின்று, மூன்றாம் முறையும் அடித்தது. செம்மேட்டிலிருந்து சடையன் அழைத்தார். செல்லாயி அக்காவின் தம்பி.

"டாக்டரம்மா, வேன் கவுந்துருச்சுங்க. அக்கா போயிருச்சுங்க" என்றார்.

எந்த வேன் என்று மட்டும்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"பலாக்கா ஏத்துன வேனுங்க. அக்கா உங்க காலேஜுக்குத்தான் அதுல வந்துட்டிருந்துச்சு, அந்தக் கண்ணாடி ரூமுக்கு. டிரைவரு உசுரோட இருக்கறாரு. ரெண்டு பேரையும் ஒரே ஆம்புலன்ஸ்ல அங்கதான் கொண்டுட்டு வாராங்க."

பாதியில் விட்டால் மாவு இறுகிவிடும். பெரியவரின் கட்டைச் சுற்றி முடித்தேன். "ஏம்மா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று அவர் கேட்டார். பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

எங்கள் கல்லூரியின் எலும்பு மருத்துவத் துறையில் கடந்த சில ஆண்டுகளில் முதுநிலை படித்தவர்கள் எல்லோரும் செல்லாயி அம்மாளின் தொடை எலும்பை ஒருமுறையாவது துளைத்திருக்கிறார்கள். பலர் அதை உடைத்துமிருக்கிறார்கள். அவருடைய குரல் அவர்களுக்குத் தெரியும். முகம் தெரிந்தவர்கள் குறைவு. அவர்களுக்காகவும், அந்த எலும்பை முதன்முதலில் உடைத்தவள் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

செல்லாயி அம்மாள் கொல்லிமலைக்காரர். செம்மேட்டுச் சந்தையில் கறிக்கடை வைத்திருந்தார். கடையைத் தொடங்கியவர் அவருடைய கணவர். சந்தை நாளில் கறி வெட்டுவதும் மற்ற நாட்களில் மிளகு பறிப்பதுமாக இருந்தவர், ஒருநாள் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சியிலிருந்து பாறைமேல் விழுந்து அந்த இடத்திலேயே இறந்தார். காரியம் முடிந்த மறுவாரம் செல்லாயி அம்மாள் சந்தைக்குப் போய்க் கணவரின் கத்தியை எடுத்துக்கொண்டு கறி வெட்டும் கட்டையின் முன்னால் உட்கார்ந்தார். பெண்பிள்ளை கறி வெட்டுவதா என்று ஒருவர் அந்தக் கட்டையைக் காலால் உதைத்துத் தள்ளினார். செல்லாயி அம்மாள் கத்தியுடன் அவரைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் துரத்தினார். பல ஆண்டுகள் கழித்து இதை என்னிடம் சொன்னபோது, "வெட்டோணும்னு போவலீங்க. எவ்வளவு தூரம் ஓடறான்னு பாக்கத்தான் போனேன்" என்று சிரித்தார். அந்த மனிதர் அதன்பிறகு அவருடைய கடையில்தான் கறி வாங்கினாராம்.

அவர் மென்மையானவர் அல்லர். ஆட்டை ஒரே வெட்டில் சாய்ப்பார். பன்றியை நெற்றியில் அடித்து வீழ்த்துவார். எடையில் ஏமாற்றிய ஆட்டு வியாபாரியைச் சட்டையைப் பிடித்துச் சேற்றில் தள்ளியிருக்கிறார். இறந்தவரைப் பற்றி எழுதும்போது இவற்றை மறைப்பது வழக்கம். மறைத்தால் அவருக்கே பிடிக்காது.

நான் அவரை முதலில் பார்த்தது ஸ்ட்ரெச்சரில். குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளிக் காட்டில் காலையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்மேல் காட்டுப்பன்றி பாய்ந்திருந்தது. தொடையைக் கிழித்து, அவரைக் கல்வரப்பிலிருந்து கீழே தள்ளியது. விழுந்த இடத்தில் தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. பன்றி திரும்பவும் இறங்கி வந்தபோது, படுத்தபடியே கொடுவாளால் அதன் மூஞ்சியில் வெட்டினார். அது அலறிக்கொண்டு ஓடியது. நான்கு பேர் கட்டிலில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவர, அங்கிருந்து ஆம்புலன்ஸ் எழுபது கொண்டைஊசி வளைவுகளிலும் இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் உடைந்த எலும்பு முனைகள் ஒன்றோடொன்று உரசும். வளைவுக்கு ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே வந்தார் என்றும், எழுபதில் ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை என்றும் ஆம்புலன்ஸ் பணியாளர் எங்களிடம் வியந்து சொன்னார்.

அப்போது நான் முதுநிலை கடைசி ஆண்டில் இருந்தேன். எங்கள் துறைக்குப் புதிதாக மெய்நிகர் பயிற்சிக் கருவி வந்திருந்தது. கண்ணை முழுதாக மூடும் பெரிய கண்ணாடி ஒன்றைத் தலையில் மாட்டி, இரண்டு கைகளிலும் பிடிகளை வைத்துக்கொண்டால் எதிரே ஓர் அறுவை அரங்கம் விரியும். மேசைமேல் ஒரு கால் இருக்கும். கையில் துளைக்கருவி இருக்கும். எலும்பைத் தொட்டால் கைப்பிடி அதிரும். அந்த அறையை நாங்கள் கண்ணாடி ரூம் என்போம். பெண்களுக்கு எலும்பு அறுவைக்கு வேண்டிய வலு கிடையாது என்று என் காதுபடப் பேசிய துறையில், அந்தக் கண்ணாடிக்குள் எல்லோரையும்விட அதிக மதிப்பெண் எடுத்தவள் நான். அதில் எனக்கு மிகுந்த கர்வம் இருந்தது.

செல்லாயி அம்மாளுக்குச் செய்ய வேண்டியிருந்தது, நான் கண்ணாடிக்குள் மனப்பாடமாகச் செய்துவந்த அதே அறுவை. தொடை எலும்பின் உள்ளே மேலிருந்து ஒரு நீண்ட கம்பியை அடித்து இறக்க வேண்டும். ராடு வைப்பது என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இடுப்பருகே எலும்பின் உச்சியில் துளை போடும் புள்ளி சரியாக அமைய வேண்டும். அது சற்றுத் தள்ளிப்போனாலும், கம்பியை அடிக்கும்போது எலும்பின் கழுத்துப் பகுதி பிளந்துவிடும். எனக்கு மூத்த மருத்துவர் ஒருவர் அருகில் நிற்க, செய்வதற்கு எனக்கு அனுமதி கிடைத்தது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்திருந்தோம். அவர் விழித்திருந்தார். அவருடைய முகத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பச்சைத் துணி.

எலும்பு அறுவையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது தச்சுப்பட்டறை வேலை போன்றது. சுத்தியல் இருக்கும், ரம்பம் இருக்கும், ஓங்கி அடிக்க வேண்டியிருக்கும். ரத்தமும் எலும்புத்தூளும் முகக்கண்ணாடிவரை தெறிக்கும். மேசையோடு உடல் குலுங்கும். கண்ணாடி ரூமில் இவை எதுவும் கிடையாது. அங்கே எலும்பு ஒரே சீராக வழிவிட்டது. இங்கே கம்பி பாதியில் நின்றது. வலு இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் ஓங்கி அடித்தேன். நகரவில்லை. இன்னும் ஓங்கி அடித்தேன்.

ஒரு சத்தம் கேட்டது.

அரங்கில் இருந்த யாரும் பேசவில்லை. பச்சைத் துணிக்கு அப்பாலிருந்து அவர் பேசினார்.

"ஏனுங்க, அது ஒடைஞ்ச சத்தமுங்க."

யாரும் பதில் சொல்லவில்லை. "கறிக்கடைக்காரிங்க நானு. எனக்குத் தெரியுமுங்க. அது ஒடைஞ்ச சத்தம்" என்று மறுபடியும் சொன்னார். குரல் உயர்ந்தது. "அங்க யாராச்சும் இருக்கறீங்களா?"

மூத்த மருத்துவர் கண்ணைக் காட்ட, மயக்க மருத்துவர் ஊசியேற்றி அவரைத் தூங்கவைத்தார். எக்ஸ்ரே திரையில் எலும்பின் கழுத்து விண்டிருந்தது. மூத்த மருத்துவர் சுத்தியலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஒன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டிய அறுவை மதியம் தாண்டியும் நடந்தது. திருகாணிகள் போட்டு, ரத்தம் ஏற்றி ஒருவழியாகக் காலைக் காப்பாற்றினார்கள்.

அன்று மாலை, கழுத்துப் பகுதி முறிவு விபத்திலேயே ஏற்பட்டது என்று மூத்த மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதினார். மறுநாள் வார்டில் செல்லாயி அம்மாள் கேட்டார்.

"நேத்து ஒரு சத்தம் கேட்டுச்சுங்களே, அது என்னதுங்க?"

"அது ஏற்கெனவே இருந்த முறிவும்மா. நாங்க கண்டுபிடிச்சுச் சரிபண்ணிட்டோம்" என்றார் மூத்த மருத்துவர்.

செல்லாயி அம்மாள் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். அவர் வீட்டுக்குப் போகும்வரை தினமும் கட்டு மாற்றினேன். தினமும் அவர் என்னைப் பார்த்தார். ஒரு நாள்கூட நான் சொல்லவில்லை.

அந்தப் பொய்யை மூன்று மாதம் சுமந்தேன். கண்ணாடி ரூமுக்குப் போனால் அந்தக் கால் அப்படியே இருந்தது. எத்தனை முறை துளைத்தாலும் யாருக்கும் வலிக்கவில்லை. ஒரு சந்தை நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு செம்மேட்டுக்குப் பஸ் ஏறினேன். வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன்.

செல்லாயி அம்மாள் கட்டைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுவைக்கால் நேராக நீட்டியிருந்தது. அது குட்டையாகிப் போயிருந்தது பார்த்தவுடனே தெரிந்தது. ஊன்றுகோல் பக்கத்தில் கிடந்தது. கறி வாங்க ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"வாங்க டாக்டரம்மா. கறி வாங்க இவ்வளவு தூரமா வந்தீங்க?"

"இல்லைங்க. உங்க எலும்பு பன்றியால மட்டும் உடையலை. ரெண்டாவது முறிவு என் கையாலதான் ஆச்சு. நீங்க கேட்டது உடைஞ்ச சத்தம்தான். எனக்குத் தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

அவர் கத்தியைக் கட்டைமேல் வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். ஊன்றுகோலை எடுத்து ஊன்றி எழுந்தார். எழுந்த வேகத்தோடு அதைச் சுழற்றி என்னை அடித்தார்.

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடி தலைக்கு வந்தது. இடது கையைத் தூக்கித் தடுத்தேன். முன்கை எலும்பு முறிந்தது. வலி வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. கறிக்கழிவும் ரத்தமும் கலந்த சேற்றில் முழங்கால் மடங்கி விழுந்தேன். மூன்றாவது அடிக்கு ஓங்கியவர், என்ன நினைத்தாரோ, கோலைத் தாழ்த்தினார். ஒற்றைக்காலில் நின்றபடி மூச்சு வாங்கினார்.

"இந்தச் சத்தந்தானுங்க அன்னைக்கும் கேட்டுச்சு" என்றார்.

பிறகு பக்கத்துக் கடையின் பழப்பெட்டியிலிருந்து இரண்டு பலகைச் சட்டங்களை உடைத்து எடுத்து, தன் முந்தானையைக் கிழித்து என் கைக்குக் கட்டு கட்டினார். மேலேயும் கீழேயும் மூட்டோடு சேர்த்து, விரல் நுனி சிவந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக் கட்டினார். நானே கட்டியிருந்தாலும் அப்படித்தான் கட்டியிருப்பேன்.

கூட்டம் கூடிவிட்டது. ஒரு கான்ஸ்டபிள் வந்து என்ன நடந்தது என்று கேட்டார்.

"வழுக்கி விழுந்துட்டேன்" என்றேன்.

"இல்லீங்க, நாந்தான் அடிச்சேன்" என்றார் செல்லாயி அம்மாள். "இந்தப் பொண்ணு ஒரு பொய்ய மூணு மாசமாச் சொமந்துட்டு வந்து எறக்கியிருக்குது. எனக்காக இன்னொன்ன ஏத்த வேண்டாமுங்க."

யாரும் புகார் கொடுக்காததால் கான்ஸ்டபிள் எதையும் எழுதாமல் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குச் செல்லாயி அம்மாளே என்னைக் கூட்டிப்போனார். முறிந்த கையோடு நானும், குட்டைக்காலோடு அவரும், அந்த ஏற்றத்தில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டுதான் நடந்தோம். வழியில்தான் கேட்டார்.

"இந்த வேலையெல்லாம் எங்க கண்ணு படிக்கறீங்க? எங்களாட்டம் ஆளுங்க மேலயேவா?"

கண்ணாடி ரூமைப் பற்றிச் சொன்னேன்.

கல்லூரிக்குத் திரும்பியதும் துறைத் தலைவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேஸ் ஷீட்டை எடுத்துவரச் செய்து, என் கையாலேயே உண்மையை எழுதச் சொன்னார். என் தேர்வு ஆறு மாதம் தள்ளிப்போனது. மூத்த மருத்துவர் வேறு இடத்துக்கு மாறிப்போகும்வரை என்னோடு பேசவில்லை. செல்லாயி அம்மாள் வழக்குப் போடலாம், அதற்கு எல்லா உரிமையும் அவருக்கு உண்டு என்று தலைவரே அவரிடம் சொன்னார்.

"கேசு போட்டா இந்தப் பொண்ணு ஒருத்திக்குத்தான் வலிக்கும் சார்" என்றார் அவர். "மொதல்ல எனக்கு அந்தக் கண்ணாடியக் காட்டுங்க."

அவர் தலையில் கண்ணாடியை மாட்டிவிட்டவர் கருவியைப் பராமரிக்கும் மென்பொருள் பொறியாளர் பிரவீன். செல்லாயி அம்மாள் துளைக்கருவியைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலை இரண்டு முறை துளைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது எலும்பு இல்லீங்க, சொரக்கா. எலும்பு மொதல்ல உடாது. அப்பறம் திடீர்னு உட்டுக்குடுக்கும். அப்பத்தான் கை முன்னால பாயும். இதுல அது இல்ல. சத்தமும் இல்ல. ஆளையே காணமே, ஆளு எங்கீங்க?"

பிறகு தலைவரிடம் தன் விருப்பத்தைச் சொன்னார். அவருடைய எலும்பையே அதில் வைக்க வேண்டும். எந்த இடத்தில் தப்பாகத் துளைத்தால் உடைந்ததோ, அங்கே துளைத்தால் அதிலும் உடைய வேண்டும். தலைவர் தயங்கினார். நம் தவற்றை நாமே பாடமாக வைத்தால் வெளியே என்ன பேசுவார்கள் என்றார்.

"என்னோட காலு ஒடைஞ்சது ஒடைஞ்சதுதானுங்க. இன்னும் பத்துப்பேரு காலு ஒடையோணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க சார்."

தலைவர் ஒப்புக்கொண்டார். அவருடைய ஸ்கேன் படங்களிலிருந்து பிரவீன் அந்த எலும்பைக் கண்ணாடிக்குள் உருவாக்கினார். சத்தத்துக்காக ஒரு நாள் குறித்தோம். செல்லாயி அம்மாள் தன் கறிக்கட்டையையும் சாக்கு நிறைய ஆட்டு எலும்பு, பன்றி எலும்புகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். காலை முழுவதும் அடித்தார். சரியான அடி, தப்பான அடி, விரிசல் விடும் அடி, பிளக்கும் அடி. பளிங்குத் தரையெங்கும் எலும்பு மஜ்ஜை தெறித்தது. ஒரு சில்லு பறந்துபோய் ஒலிவாங்கியைப் பிடித்திருந்த பிரவீனின் நெற்றியைக் கிழித்தது. சுத்த சைவக்காரரான அவர், வழியும் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கடைசிவரை நின்றார்.

குரலைப் பதிய வேண்டியபோதுதான் சிக்கல் வந்தது. அன்று சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னோம். நான்கைந்து முறை சொன்னார். கடையில் விலை சொல்வதுபோல இருந்தது.

"சும்மா சொன்னா வர்லீங்க" என்றார். "என்னைய அப்படியே படுக்கப்போடுங்க."

மேசைமேல் படுத்தார். மார்புக்குமேல் பச்சைத் துணியைக் கட்டினோம். அவருடைய கால் பக்கத்தில் கட்டையை வைத்து, அதன்மேல் பன்றித் தொடை எலும்பை வைத்தோம். சுத்தியலை என்னிடம் கொடுத்து அடிக்கச் சொன்னார். ஆறிவந்த கையோடு அடித்தேன். மேசை குலுங்கியது. மூன்றாவது அடியில் எலும்பு பிளந்தது.

அவர் உடம்பு தூக்கிப்போட்டது. "ஏனுங்க, அது ஒடைஞ்ச சத்தமுங்க" என்றார். அன்று கேட்ட அதே குரல். "அங்க யாராச்சும் இருக்கறீங்களா?" என்றவர், துணியைக் கையால் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே கத்தினார். வார்த்தை இல்லாத கத்தல். பிரவீன் பதிவை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

காட்டுப்பன்றியை வெட்டி விரட்டியவர் பயந்து நடுங்கியதை அன்றுதான் பார்த்தேன். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"ஒடைஞ்சது பெருசில்ல கண்ணு. கேட்டதுக்கு யாரும் வாயத் தொறக்கல பாருங்க. நான் செத்துட்டேனாக்கும், அதான் பேச மாட்டேங்கறாங்கன்னு நெனச்சேன். 'ஆமாங்க, ஒடைஞ்சு போச்சு, சரிபண்றோம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பயமே வந்திருக்காது."

அவர் சொன்னதற்காகவே பயிற்சியை மாற்றினோம். எங்கள் மாணவர்களுக்கு இது தெரியும். தப்பான புள்ளியில் அடித்தால் எலும்பு பிளக்கும். அவர் குரல் கேட்கும். மாணவர் வாய்திறந்து உண்மையைச் சொன்னால்தான் அறுவை மேலே தொடரும். பேசாமல் நின்றால் குரல் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மாணவர் கண்ணாடியைக் கழற்றி எறிந்தார். ஒரு பெண் அன்றைக்கே படிப்பை விடுவதாகச் சொல்லிப் போய், இரண்டு நாள் கழித்து வந்து தொடர்ந்தார். இப்போது அவர் நல்ல அறுவை நிபுணர்.

ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் சேரும்போது செல்லாயி அக்கா மலையிலிருந்து வருவார். கண்ணாடி ரூமின் மூலையில் காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலை மென்றபடி பார்ப்பார். "ஓங்காதீங்க சாமி, எடம் தப்பு" என்பார். குட்டைக்கால்தான் கடைசிவரை. பனிக்காலத்தில் வலிக்கும். வலிக்கும்போதெல்லாம் எனக்குப் போன் செய்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அவர் என்னை முழுதாக மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை.

இந்த ஆண்டும் அதற்காகத்தான் கிளம்பினார். பஸ் கிடைக்காமல் பலாக்காய் வேனில் முன்னால் ஏறிக்கொண்டார்.

இருவரையும் ஆம்புலன்ஸ் கொண்டுவந்தபோது அவர் முகத்தில் காயமே இல்லை. சேலையில் பாதி இல்லை. டிரைவருக்குத் தொடை எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அன்று காயத்தைக் கழுவி, ரத்தம் ஏற்றி, மறுநாள் காலை அவருக்கு ராடு வைப்பதென்று முடிவானது. வேறு யாராவது செய்யட்டும் என்று துறைத் தலைவர் சொன்னார். நானே செய்கிறேன் என்றேன். மறுநாள் நான் அறுவையைத் தொடங்கிய நேரத்தில் பின்கட்டில், பிணவறையில், செல்லாயி அக்காவுக்குப் பிரேதப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது.

முதுகு ஊசியில் டிரைவர் விழித்திருந்தார். துளை போட்டு முடித்துக் கம்பியை எடுத்தபோது பச்சைத் துணிக்கு அப்பாலிருந்து கேட்டார்.

"அந்தக்கா எப்படி இருக்கறாங்க?"

மயக்க மருத்துவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அறுவை நடுவே சொல்லக்கூடாது என்று அவர் தடுத்ததில் நியாயம் இருந்தது. நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"இறந்துட்டாங்க. நேத்தே இறந்துட்டாங்க."

அவர் அழுதார். மேசையில் அவர் உடல் குலுங்கியது. குலுக்கம் அடங்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம். அழுகையினூடே அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. வேன் சுவரை உடைத்துக்கொண்டு இரண்டு குட்டிக்கரணம் அடித்து, கீழ் வளைவின் ரோட்டில் போய் விழுந்தது. பலாக்காய்கள் வெடித்துச் சிதறின. கண்ணைத் திறந்தபோது செல்லாயி அக்கா உடைந்த கண்ணாடி வழியாக ஊர்ந்து வந்து அவரை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். தொடையிலிருந்து ரத்தம் கொப்பளித்தது. அக்கா சேலையைக் கிழித்து அடைத்து, அதன்மேல் தன் முழங்காலை ஊன்றி, முழு எடையையும் போட்டு அமுக்கினார். வலி தாங்காமல் டிரைவர் அவரைத் தள்ளினார், கையைக் கடித்தார். அக்கா அவரைக் கன்னத்தில் அறைந்தார்.

"'கத்தாத சாமி, கத்துனா ரத்தம் போவும்'னாங்க. காலு ஒடைஞ்சிருச்சுங்களான்னு கேட்டேன். 'ஆமா, ஒடைஞ்சிருச்சு. கீழ நம்ம டாக்டரம்மா இருக்குது, சரிபண்ணிரும்'னாங்க. ஆம்புலன்ஸ் வந்து என்னையத் தூக்கற வரைக்கும் முட்டிய எடுக்கலீங்க. அப்பறம் சுவத்துமேல போயி உக்காந்தாங்க. தண்ணி கேட்டாங்க. கொண்டுபோயிக் குடுக்கறதுக்குள்ள சாஞ்சுட்டாங்க."

மண்ணீரல் கிழிந்து, வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்து போயிருந்தது என்று பரிசோதனை அறிக்கை சொன்னது. டிரைவரை அழுத்திக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவருக்கு உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

கம்பியை அடித்தேன். சரியாக இறங்கியது. தையலை முடித்துவிட்டு, சடையனோடு அமரர் ஊர்தியில் மலை ஏறினேன்.

கணவரைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே தனக்கும் இடம் வேண்டும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தாராம். பெண்கள் இடுகாட்டுக்கு வரக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். "டாக்டரம்மா வரட்டும்" என்றார் சடையன். குழி வெட்டியபோது அரை ஆள் ஆழத்தில் பாறை தட்டியது. வேறு இடம் பார்க்கலாம் என்றார்கள். சடையன் கேட்கவில்லை. கடப்பாரையால் குத்தினார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வரும்வரை குத்தினார். அவரிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன்.

"வேண்டாமுங்க டாக்டரம்மா, ஆப்பரேசன் பண்ற கையி" என்றார் ஒருவர்.

நான் குத்தினேன். பாறை பாளம் பாளமாகப் பெயர்ந்தது. ஒருவர் மாற்றி ஒருவராகக் குத்தி, பொழுது சாய்வதற்குள் அவருக்குப் போதுமான ஆழம் வந்தது. இறக்கி, மண் தள்ளி, நாய் நரி தோண்டாமலிருக்கப் பெயர்த்த பாறைத் துண்டுகளையே மேலே அடுக்கினோம். கூட்டம் கலைந்தது. சடையன் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார்.

சாவுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பது வழக்கம். நான் நின்று, குனிந்து, கல்லின்மேல் கையை வைத்தேன்.

"வாரேனுங்க அக்கா" என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன்.